பெட்டி இல்லாத பென்குயின்

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது சூடாகும். அப்புறம் வாய். வாய் சூடான பிறகு நான் என்ன பேசுவேன் என்று எனக்கே தெரியாது, தெருவுக்குத்தான் தெரியும். 'ஊசி' என்று எனக்குப் பெயர் வைத்ததும் அந்தத் தெருதான். வீட்டில் எம்ப்ராய்டரி மெஷின் வைத்திருக்கிறேனே, அதனால் வந்த பெயர் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். "தொழிலுக்காகவா? நல்லா நம்பினே போ!" என்று என் வீட்டுக்காரர் ஒருநாள் வயிறு குலுங்கச் சிரித்த பிறகுதான் விஷயம் புரிந்தது. அவர் லிப்ட் மெக்கானிக். நாள் முழுக்க மேலும் கீழுமாகப் போய்வருகிற மனிதர், வீட்டில் மட்டும் குரலில் ஏற்ற இறக்கமே இருக்காது.

அன்று செவ்வாய்க்கிழமை சாயங்காலம். மெஷினில் ஒரு ஸ்வெட்ஷர்ட் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் முன்னறையில் பாதி மெஷின், பாதி துணி. சோபா உண்டு, ஆனால் அதில் மனிதர்கள் உட்கார்ந்து பல மாதம் ஆகிறது. அளவு வாரியாக அடுக்கிய ஸ்வெட்ஷர்ட்டுகள்தான் அங்கே சொகுசாக உட்கார்ந்திருக்கும். சமையலறைக்குப் போக வேண்டுமென்றால் வயிற்றை எக்கிக்கொண்டு பக்கவாட்டில் நகர வேண்டும்.

மகளின் பையில் சாப்பாட்டு டப்பாவைத் தேடிக்கொண்டிருந்தேன். டப்பாவுக்கு அடியில் நாலாக மடித்த ஒரு டிராயிங் தாள். பிரித்தேன். பென்குயின். நெற்றியில் ஏற்றிவிட்ட கறுப்புக் கண்ணாடி, கழுத்தில் துண்டு, வலது கையைத் தூக்கி டாட்டா காட்டுகிறது, இடது கையால் தன்னைவிடப் பெரிய பெட்டி ஒன்றை இழுத்துக்கொண்டு போகிறது. தாளின் மூலையில் சிவப்பு மையில் எழுதியிருந்தது: 'பார்த்து வரைந்தது. ஏற்க இயலாது.'

காது சூடானது.

"சுண்டு! இங்க வா!"

அவளுக்குப் பதினோரு வயது. வகுப்பிலேயே குள்ளம், அதனால் சுண்டு. உள்ளே இருந்து வந்தாள், தாளைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள்.

"இது என்னடி?"

"டிராயிங்."

"அது எனக்குத் தெரியாதா? இந்தச் சிவப்பு மை என்னன்னு கேக்கறேன்."

"மிஸ் எழுதினாங்க. வெள்ளிக்கிழமை ஸ்கூல் ஹால்ல எல்லார் படமும் மாட்டறாங்க. லீவுங்கிற தலைப்பு. என்னுது மாட்ட மாட்டாங்களாம். பார்த்து வரைஞ்சேனாம்."

"யாருதைப் பார்த்து?"

அவள் திரும்பி மெஷினைப் பார்த்தாள். மெஷினில் நாற்பதாவதோ நாற்பத்தொன்றாவதோ பென்குயின் தன் கறுப்புத் தலையைத் தைத்துக்கொண்டிருந்தது.

அந்தப் பென்குயின் எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். வருஷக் கடைசி லீவு நெருங்கினால் சின்னச் சின்னக் கடைகளுக்கெல்லாம் ஒரே பித்து பிடித்துவிடும். வேடிக்கையான படம் போட்ட ஸ்வெட்ஷர்ட் வேண்டும், உடனே வேண்டும், நேற்றே வேண்டும். நீச்சல் வளையம் மாட்டிய பனிப் பொம்மை, பெட்டிக்குள் படுத்துக் குறட்டை விடும் கரடி, இப்படி. அந்த டிசைன்களையெல்லாம் நான் இணையத்தில் வாங்கித்தான் போட்டுக்கொண்டிருந்தேன். நான் வாங்குவதை ஊரிலுள்ள எந்த மெஷின்காரரும் வாங்கலாம். இரண்டு மாதம் முன்பு சாக்ஸ் கடை அக்கா வந்து சண்டைக்கு நின்றாள். தெருக்கோடியில் சாக்ஸ், குல்லாய், ஸ்வெட்டர் விற்கிற கடை அவளுடையது. இரண்டு பேர் சேர்ந்தாற்போல் நிற்க முடியாத இடம்.

"பெரிய கடைக்குப் போயிருந்தேன் ஊசி. நீ எனக்குப் போட்டுக் குடுத்த கரடி அங்கேயும் தொங்குது. அதே கரடி, அதே இளிப்பு. அப்புறம் என் கடைக்கு எவன் வருவான்? வேற யார்கிட்டேயும் இல்லாததா ஒண்ணு குடு."

எங்கே போவேன்? நூல் எந்தத் திசையில் ஓட வேண்டும், எங்கே அடர்த்தியாக விழ வேண்டும், எங்கே விட்டுப் பிடிக்க வேண்டும், எல்லாம் எனக்கு அத்துப்படி. வரையச் சொன்னால் மட்டும் என் பூனையும் நாற்காலியும் ஒரே மாதிரி இருக்கும்.

அந்த வாரம்தான் சுண்டு அந்தப் பென்குயினை முதல்முதலாக வரைந்தாள். துணி சுருங்காமலிருக்க அடியில் வைத்துத் தைக்கிற பேக்கிங் தாள் இருக்கிறதே, அதில் வெட்டிப் போட்ட துண்டுகள் வீடு முழுக்கக் கிடக்கும். அவளுக்கு அதுதான் டிராயிங் நோட்டு. "பனியில இருக்கிறவனுக்கு லீவு விட்டா எங்க போவான்? வெயிலுக்குத்தான்" என்று எனக்கு விளக்கம் வேறு சொன்னாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டேன். "எடுத்துக்கோ" என்றாள். அவ்வளவுதான் எங்கள் ஒப்பந்தம்.

கம்ப்யூட்டரில் ஏற்றினேன். பெட்டி இடித்தது. ஸ்வெட்ஷர்ட்டை இறுக்கிப் பிடிக்கிற வளையத்துக்கு வெளியே போனது, தவிர பெட்டிக்குத் தனி நிறம், தனி நூல், ஒவ்வொரு சட்டைக்கும் ஐந்து நிமிஷம் கூடுதல். எடுத்துவிட்டேன். பெட்டி போனதும் இடது கைக்கு வேலை இல்லை. எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு: நேராகப் பார்க்கிற உருவம் என்றால் பாதியை மட்டும் போட்டு, அதையே கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி மறுபக்கம் ஒட்டிவிடுவோம். பாதி வேலை மிச்சம். அப்படியே ஒட்டினேன். இரண்டு கையும் மேலே போயிற்று. போலீஸைக் கண்ட திருடன் மாதிரி நின்றது. ஆனால் துணியில் ஏறிய பிறகு, என்ன மாயமோ, சந்தோஷத்தில் குதிக்கிற மாதிரி இருந்தது. சாக்ஸ் கடைக்குப் போட்டுக் கொடுத்த பன்னிரண்டும் ஒரே வாரத்தில் போயின. அக்கா இன்னும் கேட்டாள். பக்கத்துப் பொம்மைக் கடையும் கேட்டது.

இப்படிப்பட்ட பென்குயினை என் மகள் பார்த்து வரைந்தாளாம்!

"நாளைக்கு வரேன் ஸ்கூலுக்கு" என்றேன்.

"வேணாம்மா."

"வாயை மூடு. உன்னைத் திருடின்னு எழுதியிருக்கா, நான் பேசாம இருக்கணுமா?"

என் வீட்டுக்காரர் ராத்திரிச் சாப்பாட்டின்போது தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "போ. ஆனா மெதுவாப் பேசு" என்றார். நான் மெதுவாகப் பேசி அவர் எந்த ஜென்மத்தில் கேட்டாரோ!

புதன்கிழமை இடைவேளை நேரத்தில் போய் நின்றேன். ஆசிரியர் அறை. நீள மேஜை, நோட்டுக் குவியல்கள், பாதி குடித்த டீ கப்புகள். டிராயிங் மிஸ்ஸைத் தவிர இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். டிராயிங் மிஸ் சின்னப் பெண். நல்ல பெண் என்று பார்த்தாலே தெரிகிற முகம். அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது. சண்டைக்குப் போகிற இடத்தில் நல்லவர்கள் இருந்தால் பாதி வேகம் போய்விடும்.

விடுவேனா? தாளை மேஜையில் போட்டேன்.

"இதுல நீங்க எழுதினதுக்கு என்ன அர்த்தம் மிஸ்? என் பொண்ணு யார் வீட்டுல போய்த் திருடினா?"

"உக்காருங்க மேடம்."

"உக்காரறதுக்கு வரல."

மூன்று பேரும் நிமிர்ந்தார்கள். எனக்கு ஆள் சேர்ந்தால் குரல் கூடும். கூடிற்று. பிள்ளைகளை ஊக்கப்படுத்தத் தெரியாதவர்கள் எதற்கு வாத்தியார் வேலைக்கு வருகிறார்கள் என்று கேட்டேன். சிவப்பு மையைக் கண்டுபிடித்தவனையும் சேர்த்துத் திட்டினேன். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு தன் பையைத் திறந்து ஒரு சின்ன ஸ்வெட்ஷர்ட்டை எடுத்தாள். சாம்பல் நிறம். நெஞ்சில் என் பென்குயின்.

"என் அக்கா பையனுக்கு வாங்கினது. பாருங்க, அதே கண்ணாடி, அதே துண்டு. இதைப் பார்த்துதான் வரைஞ்சிருக்கா. அதையும் சரியாப் பார்க்கல. இங்க ரெண்டு கையும் மேல இருக்கு, அவ ஒரு கையை இறக்கிட்டா. கையில என்னமோ ஒரு பெட்டி வேற."

வயிறு எரிந்தது என்றால் அன்றுதான் எரிந்தது. அசலை நகலோடு ஒப்பிட்டு அசலில் தப்பு கண்டுபிடிக்கிறாள்! நான் சோம்பேறித்தனத்தில் திருப்பி ஒட்டிய கை சரியாம், என் மகள் யோசித்து வரைந்த கை தப்பாம்!

"இது என் மெஷின்ல நான் போட்டது!" என்று கத்தினேன்.

"அதுதான் எனக்குத் தெரியுமே மேடம்" என்றாள் அவள், சிரித்துக்கொண்டே. ஸ்வெட்ஷர்ட்டின் கழுத்தில் தொங்கிய சின்ன அட்டையைத் திருப்பிக் காட்டினாள். 'இந்தத் தெருவிலேயே வரைந்து, இந்தத் தெருவிலேயே தைத்தது. வரைந்தவர்: ஊசி அக்கா.' பக்கத்தில் ஒரு சின்ன ஊசி படம் வேறு. "இவ்வளவு நல்லா வரையறவங்க பொண்ணு, ஏன் அம்மாவோடதைப் பார்த்து வரையணும்னுதான் எனக்கு வருத்தம். அவகிட்டேயே கேட்டேன். 'சட்டையில இருக்கிறது யாரு வரைஞ்சது'ன்னேன். 'அம்மா'ன்னு அவளே சொன்னா."

மற்ற மூன்று பேரில் ஒருவர், வயதான கணக்கு வாத்தியார், கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எட்டிப் பார்த்தார். "அட, இது நீங்க வரைஞ்சதா? பிரமாதம்!" என்றார்.

இங்கே நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். 'இல்லை.' இரண்டு எழுத்தோ மூன்று எழுத்தோ, அவ்வளவுதான். தெருவையே கிடுகிடுக்க வைக்கிற வாய் எனக்கு. அது அன்று ஒட்டிக்கொண்டது. நாலு பேர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அதுவும் மரியாதையாக. அப்படி யாரும் என்னைப் பார்த்ததில்லை. இத்தனை நேரம் கத்திவிட்டு, 'அட்டையில் இருப்பது பொய்' என்று எப்படிச் சொல்வது?

"சின்னப் பொண்ணு..." என்று இழுத்தேன். "என் டிசைன்னா அவளுக்கு உசிரு. ஏதோ ஆசையில..."

சொல்லும்போதே அசடு வழிந்தது எனக்குத் தெரிந்தது.

டிராயிங் மிஸ்ஸின் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப ஒண்ணு செய்யலாம் மேடம். ஒளிக்காம, 'அம்மா வரைந்ததைப் பார்த்து வரைந்தது'ன்னு கீழ எழுதிட்டா அதுல தப்பே இல்ல. கையை மட்டும் சரிபண்ணிக் குடுக்கட்டும். நானே மாட்டறேன். சரிதானே?"

நான் தலையாட்டினேன். தாளை மடித்துக்கொண்டு வெளியே வந்தேன். வராந்தாவில் பிள்ளைகள் கூட்டம், மணி அடித்துக்கொண்டிருந்தது, யாரையும் நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அவமானம் எனக்கு ஒரு நிமிஷத்துக்கு மேல் தாங்காது, கோபமாகத் திரிந்துவிடும். பள்ளிக்கூட வாசல் தாண்டுவதற்குள் எல்லாப் பழியையும் சாக்ஸ் கடை அக்கா தலையில் ஏற்றி முடித்திருந்தேன். அட்டை அடித்தது யார்? அவள்தானே! நேராகக் கடைக்குப் போனேன். உள்ளே இரண்டு பேர் குல்லாய் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"யாரைக் கேட்டு அட்டை அடிச்சீங்க?"

அக்கா மலங்க மலங்க விழித்தாள். "எந்த அட்டை?"

"இந்த அட்டை!" தொங்கிய ஒன்றைப் பிடித்து இழுத்தேன். "வரைந்தவர் ஊசி அக்கான்னு போட்டிருக்கே, எவ சொன்னா?"

"நீதான்டி சொன்னே!"

"நானா?"

"நீயேதான். இதே இடத்துல நின்னு. 'நெட்ல எங்கேருந்து இறக்கினே'ன்னு கேட்டேன். 'இறக்கல, நானே வரைஞ்சேன்'னே. நான் நம்பல. 'சின்ன வயசுலேருந்து எனக்குப் பென்குயின்னா பைத்தியம்'னு வேற சொன்னே. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்திருச்சு. நம்ம ஊசிக்கு இப்படி ஒரு கையான்னு என் காசைப் போட்டு அச்சடிச்சேன். இப்ப வந்து கத்தறே?"

குல்லாய்க்காரர்கள் குல்லாயைக் கழற்றாமலே கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

சொன்னேன். ஆமாம், சொன்னேன். இதுவரை இந்தக் கதையில் சொல்லாமல் விட்டதும் வேண்டுமென்றேதான். பதினாலு வருஷமாக அடுத்தவர் வரைந்ததைத் தைத்துக்கொண்டிருக்கிறேன். 'நல்லா தைச்சிருக்கே' என்று சொல்வார்கள், 'நல்லா இருக்கு' என்று சொல்லமாட்டார்கள். அந்த வித்தியாசம் எனக்குள்ளே எவ்வளவு நாளாக உறுத்திக்கொண்டிருந்ததோ, அன்று அக்கா கண்ணை விரித்துக் கேட்டதும் வாயிலிருந்து வழுக்கி விழுந்துவிட்டது. பொம்மைக் கடையிலும் அதையே சொன்னேன். இரண்டாவது தடவை சொல்லும்போது எனக்கே நிஜம் போல இருந்தது. மகளைப் பற்றி அந்த நேரத்தில் நினைக்கக்கூட இல்லை. அவள் சின்னவள், அவளுக்கு என்ன, நாளைக்கு நூறு வரைவாள் என்று இருந்துவிட்டேன்.

"அது சுண்டு வரைஞ்சது" என்றேன் அக்காவிடம். குரல் எனக்கே கேட்கவில்லை.

அக்கா அட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அடிப்பாவி" என்றாள். திட்டுகிற மாதிரிகூடச் சொல்லவில்லை.

சாயங்காலம் சுண்டு வந்ததும் வராததுமாக ஆரம்பித்தேன். செய்த தப்பு என்னுடையது, கத்துவதும் நான். இப்படி ஒரு பிறவி.

"உன்னை மிஸ் கேட்டாங்கல்ல? நான்தான் வரைஞ்சேன்னு சொல்ல வாய் இல்ல உனக்கு? அம்மா வரைஞ்சதுன்னு ஏன்டி சொன்னே?"

அவள் பையைக் கீழே போட்டாள். என் காது சூடாவது எனக்குத் தெரியும், அவள் காது சிவந்ததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

"சட்டையில இருக்கிறது நீ வரைஞ்சதுதானே!" என்றாள். "என்னுது அது இல்ல. என்னுது பெட்டிய இழுத்துட்டுப் போகுது. ஊருக்குப் போறவன் பெட்டி இல்லாம எப்படிப் போவான்? நீ பெட்டிய எடுத்துட்டே. கைய ஒடிச்சு மேல தூக்கி வெச்சுட்டே. அது எங்கேயுமே போகல, சும்மா நிக்குது! சட்டையில இருக்கிறது அம்மாவோடது, பேப்பர்ல இருக்கிறது என்னோடதுன்னு மிஸ்கிட்ட ரெண்டும் சொன்னேன். அவங்க ஒண்ணைத்தான் காதுல வாங்கினாங்க."

"வளையத்துல அடங்கலடி பெட்டி. அது உனக்குப் புரியாது."

"கேட்டிருந்தா சின்னப் பெட்டி வரைஞ்சு குடுத்திருப்பேன்."

சின்னப் பெட்டி! என்ன ஒரு சுலபமான விஷயம். மெஷின் முன்னால் தலையைப் பிய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே, அடுத்த அறையில் இருந்தவளை ஒரு குரல் கூப்பிட்டுக் கேட்கத் தோன்றவில்லையே!

"சரி விடு" என்றேன். "நான் பார்த்துக்கறேன். வெள்ளிக்கிழமை உன் படம்தான் அங்க தொங்கும். பெட்டியோட."

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். ஏதோ கேட்க வந்தவள் போல வாயைத் திறந்து, மூடிக்கொண்டு, உள்ளே போய்விட்டாள்.

வியாழக்கிழமை எனக்குக் கை பரபரத்தது. மெஷினை நிறுத்திவிட்டு சாக்ஸ் கடைக்குக் கத்தரிக்கோலோடு போனேன். மீதியிருந்த பதினொரு ஸ்வெட்ஷர்ட்டின் அட்டைகளையும் ஒவ்வொன்றாக வெட்டினேன். அக்கா தடுக்கவில்லை, குப்பைக்கூடையை நகர்த்தி வைத்தாள், அவ்வளவுதான். பொம்மைக் கடையிலும் போய் உண்மையைச் சொன்னேன். கடைக்காரர் "அப்படியா, சந்தோஷம்" என்றுவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார். வீட்டுக்கு வந்து மடிந்திருந்த டிராயிங் தாளின் மேல் மெல்லிய துணி போட்டு, சூடு குறைத்து, மடிப்புக் கோடுகளை இஸ்திரி போட்டு எடுத்தேன். சிவப்பு மை மட்டும் போகவில்லை. மூலையை வெட்டலாமா என்று யோசித்து, வேண்டாம், இருக்கட்டும், அதை எழுதியவள் அதையே பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

"மிஸ்ஸுக்கு இன்னிக்கே ஒரு போன் பண்ணிச் சொல்லிடேன்" என்றார் என் வீட்டுக்காரர், சாப்பிட்டுக்கொண்டே.

"போன்லயா? நல்லா இருக்கே! நாளைக்கு எல்லா அம்மா அப்பாவும் வருவாங்க. அத்தனை பேர் முன்னாடி சொல்றேன் பாருங்க. அப்பத்தான் அவளுக்குப் பெருமை."

அவர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோனார்.

அவளுக்குப் பெருமையா, எனக்கா என்று அப்போது யாராவது என்னைப் பிடித்து உலுக்கிக் கேட்டிருக்கலாம்.

வெள்ளிக்கிழமை ஹாலில் கால் வைக்க இடமில்லை. நாலு சுவரிலும் படங்கள். கடல், மலை, விமானம், தூங்குகிற அப்பாக்கள். தாளை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு மார்போடு அணைத்துக்கொண்டு, ஆட்களை முழங்கையால் விலக்கிக்கொண்டு போனேன். ஆறாவது வகுப்புச் சுவருக்கு முன்னால் சுண்டு நின்றிருந்தாள். பக்கத்தில் டிராயிங் மிஸ்.

"மிஸ்" என்று ஆரம்பித்தேன், ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி. "எல்லாரும் கொஞ்சம் கேளுங்க. அன்னிக்கு நான் சொன்னது பொய். அந்தப் பென்குயினை நான் வரையல. ஒரு கோடுகூட நான் வரையல. என் பொண்ணு வரைஞ்சது. நான் அதை எடுத்து, வெட்டி, கெடுத்து, என் பேரைப் போட்டுக்கிட்டேன். திருடினது அவ இல்ல, நான்!"

பேச்சு அடங்கிற்று. நிறையத் தலைகள் திரும்பின. கணக்கு வாத்தியார் கையில் கப்போடு அப்படியே நின்றுவிட்டார். எனக்கு மூச்சு வாங்கியது. உண்மையைச் சொல்கிறேன், கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. கோபத்தைச் சரியான ஆள் மேல் காட்டிவிட்டேன் என்ற நிம்மதி.

அப்போதுதான் சுவரைப் பார்த்தேன்.

பென்குயின் தொங்கிக்கொண்டிருந்தது. புதுத் தாள், புது வண்ணம். கறுப்புக் கண்ணாடி, துண்டு, இரண்டு கையும் மேலே. பெட்டி இல்லை. கோடு ஒன்று பிசகாமல் என் ஸ்வெட்ஷர்ட்டை அப்படியே பார்த்து வரைந்திருந்தாள். தையல் ஓடுகிற திசையைக்கூடச் சின்னச் சின்னக் கோடாகப் போட்டிருந்தாள். கீழே அவளுடைய உருண்டைக் கையெழுத்து: 'அம்மா வரைந்ததைப் பார்த்து வரைந்தது.' மேலே மூலையில் ஒரு தங்க நட்சத்திரம்.

"நேத்து கிளாஸ்லேயே உக்காந்து போட்டுக் குடுத்துட்டா மேடம்" என்றாள் டிராயிங் மிஸ். அவள் முகத்தில் ஈ ஆடவில்லை. "கைய எவ்வளவு சரியாப் போட்டுட்டான்னு நான்தான் நட்சத்திரம் ஒட்டினேன். எனக்கு... எனக்குத் தெரியாது மேடம். சாரி."

"எடுங்க அதை!" என்றேன். "இதை மாட்டுங்க. இதுதான் அவளோடது." உறையிலிருந்து தாளை இழுத்தேன்.

மிஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். படத்தில் குத்தியிருந்த ஊசியை எடுக்கக் கை நீட்டினாள்.

"வேணாம் மிஸ்" என்றாள் சுண்டு. "இதே இருக்கட்டும்."

"ஏன்டி? அம்மாதான் எல்லார்கிட்டேயும் சொல்லிட்டேனே! இனிமே யார் என்ன சொல்லப்போறா?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கத்தவும் இல்லை, அழவும் இல்லை. காது மட்டும் சிவந்திருந்தது.

"புதன்கிழமை நீ ஸ்டாஃப் ரூம்ல பேசிட்டிருந்தப்போ நான் கதவுகிட்டதான் நின்னுட்டிருந்தேன்" என்றாள். "நீ மிஸ்ஸைத் திட்டினப்போ எனக்கு ரொம்ப சந்தோஷமா இருந்துச்சும்மா. அப்புறம் மிஸ் சரிதானேன்னு கேட்டாங்க. நீ தலையாட்டினே. அதான் நீ தலையாட்டின மாதிரியே வரைஞ்சு குடுத்துட்டேன்."

எனக்குப் பின்னால் யாரோ ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். படம் மறைக்கிறது, கொஞ்சம் நகருங்கள் என்றார்கள். நகர்ந்தேன்.